அந்த மரத்துக்குத் தமிழில என்ன பேர்?

(எங்கள் இளையோர் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் லண்டனில ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியில படிப்பிக்கிறன். போன வருசம் சின்ன வகுப்புக்கு 'மரங்கள்' பாடம். படத்தைப் பார்த்துப் பனை, வேம்பு, பூவரசு எண்டு பிள்ளையள் பிழையில்லாமல் எழுதிச்சினம். ஒரு பிள்ளை மட்டும் யன்னலுக்கு வெளியில காட்டி, "ரீச்சர், அந்த மரத்துக்குத் தமிழில என்ன பேர்?" எண்டு கேட்டா. அது லண்டன் தெருவெல்லாம் நிற்கிற பிளேன் மரம். தமிழ்ப்பெயர் எனக்குத் தெரியேல்ல. அதைவிட வெட்கம், இத்தனை வருசத்தில அதை ஒருநாள்கூட நான் நின்று பார்த்ததில்லை.

அடுத்த கிழமையிலிருந்து இருபது நிமிசத்தை அந்த மரத்தடிக்குக் குடுத்தோம். ஒவ்வொரு சனியும் அதே மரம். பட்டை செதில் செதிலாய் உரிகிறதையும், இலை கொட்டின பிறகும் காய்கள் உருண்டையாய்த் தொங்கிறதையும் பிள்ளையள் தாங்களாய்க் கண்டுபிடிச்சினம். ஒருநாள் ஒரு பிள்ளையின்ர அம்மம்மாவும் கூட வந்தா. 1990இல வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டவ. உரிஞ்ச பட்டையைக் கையில வைச்சுக்கொண்டு தன்ர வளவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா. அவவின்ர கதையில 'இயற்கை' எண்ட சொல்லே வரேல்ல. காணி, கிணறு, வேலி, ஆடு எண்டுதான் வந்தது. பிள்ளையள் அசையாமல் கேட்டுக்கொண்டு நிண்டதுகள்.

லூயிஸ் சாவ்லா என்ற அமெரிக்க ஆய்வாளர், கென்டக்கியிலும் நோர்வேயிலும் உள்ள சூழல் செயற்பாட்டாளர்களிடம் 'உங்களை இதற்குள் கொண்டுவந்தது எது?' என்று கேட்டார். திரும்பத் திரும்ப வந்த பதில்கள் இரண்டு: சிறுவயதில் பழகிய ஓர் இடம், அந்த இடத்தை அக்கறையோடு பார்க்கக் காட்டிய வீட்டு மனிதர் ஒருவர். ஒருநாள் சுற்றுலாவும் விலங்குப் பெயர்ப் பட்டியலும் மட்டும் அந்த வேலையைச் செய்துவிடாது.

ஆனால் எங்கட பெரிய வகுப்புப் பிள்ளையள் மரத்தடிக்கு வரேல்ல. கேற்றடியில போனோட நிண்டிச்சினம். நானும் எல்லாரையும் போல போனைத்தான் திட்டினன். பதினைந்து வயதுப் பெடியன் ஒருத்தன் சொன்னான்: "சின்ன ஆக்கள் பார்க்கில நிண்டா விளையாட்டு. நாங்கள் நாலு பேர் நிண்டா பொலிஸ் வந்து பையைத் திறக்கச் சொல்லுது."

இயற்கையோடான நெருக்கம் பத்து, பன்னிரண்டு வயதுக்குப் பிறகு சரிந்து, பதினைந்து, பதினாறில் மிகக் கீழே போய், பிறகு மெல்ல ஏறுவதாக டார்பி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் கண்டிருக்கிறார்கள். வளரிளம் பருவத்தின் இயல்பு அதில் ஒரு பங்கு என்பதை மறுக்கவில்லை. ஆனால் நிற்க இடமில்லாத பிள்ளை எந்த மரத்தோடு பழகும்? இரவு வேலை முடித்து வரும் அம்மாவுக்கு எந்த நேரத்தில் பிள்ளையோடு நடக்க முடியும்? இது நேரமும் நிலமும் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி.

இந்தக் கேள்வியை எங்களுக்கு முதலே இந்த நாட்டுத் தொழிலாளர்கள் கேட்டிருக்கிறார்கள். 1932 ஏப்ரல் 24இல் மான்செஸ்டர் பக்கத்து இளம் தொழிலாளர்கள் சில நூறு பேர், பணக்காரர் வேட்டைக்காக மூடி வைத்திருந்த கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டில் தடையை மீறி ஏறினார்கள். முன்னின்ற பென்னி ரொத்மன் என்ற கம்யூனிஸ்டுக்கு வயது 20. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா அந்தப் பகுதியில்தான் அமைந்தது. ஆனாலும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் சுதந்திரமாக நடக்கத் திறந்துவிட்டது ஏறத்தாழ 8 வீத நிலத்தை மட்டுமே.

நாங்கள் என்ன செய்யலாம்? ஒரு வழி கையிலேயே இருக்கு. 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள் லண்டனுக்கு வெளியே, ஆறு வாக்காளர் சேர்ந்து தோட்டத்துண்டு வேணும் எண்டு எழுதினால், உள்ளூராட்சிச் சபை அதைக் கவனத்தில எடுத்தே ஆகவேணும். உடனே நிலம் கிடைச்சிடாது. ஆனால் கேட்கத் தொடங்கலாம். இந்த அறையில ஆறு பேருக்கு மேல இருக்கிறம். கடிதத்தின்ர வரைவு கொண்டு வந்திருக்கிறன், கையெழுத்துப் போட்டிட்டுப் போங்கோ. நிலம் கிடைச்சால் அம்மம்மாவும் வாறன் எண்டு சொல்லியிருக்கிறா. அந்தப் பெடியனையும் கேட்டிருக்கிறன். "பார்ப்பம்" எண்டான்.