மூன்று தலைமுறை கேட்ட இசை



கல்லிற் செதுக்கிய சிற்பம் நிற்கும். ஏட்டில் எழுதிய பாட்டு நிற்கும். மிடற்றிலே பிறந்த இசையோ பிறந்த கணத்திலேயே காற்றிற் கலந்து மறையும். ஒலிப்பதிவுக் கருவி தோன்றிய பின்னர் இந்நிலை மாறியது. ஆயினும், பதிவு செய்யப்பட்ட இசையெல்லாம் வாழ்ந்துவிடுவதில்லை. வெளிவரும் பாடல்களுட் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் மறக்கப்படுகின்றன. மிகச் சிலவே தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் செல்கின்றன. இதற்குக் காரணம் யாது? இங்கிலாந்திலே தோன்றிய 'குவீன்' என்னும் றொக் இசைக்குழுவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வினாவை இன்று ஆராய்வோம்.

"றொக் இசையா? அது வெறும் இரைச்சலன்றோ!" என்று பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். இரைச்சல் மட்டுமே ஆயின், அது அரை நூற்றாண்டு நின்றிருக்குமா என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இக்குழு 1970ஆம் ஆண்டில் இலண்டனில் உருவாயிற்று. அதன் பாடகர் பிரெடி மேர்க்கூரி, 1946இல் சன்சிபார்த் தீவிலே பார்சிப் பெற்றோருக்குப் பிறந்தவர். பம்பாயை அடுத்த மலைநாட்டு ஊராகிய பஞ்சகனியில் விடுதிப் பாடசாலையிற் கற்றவர். 1964இல் சன்சிபாரிலே புரட்சி மூண்டபோது குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் பெயர்ந்தவர். கித்தார் வாசித்த பிறையன் மே வானியல் ஆராய்ச்சி மாணவர். மேளம் முழக்கிய றொஜர் டெயிலர் உயிரியல் கற்றவர். 1971இல் வந்து சேர்ந்த ஜோன் டீக்கன் மின்னணுவியல் கற்றவர். நால்வரும் கற்றோர், நால்வரும் பாட்டியற்ற வல்லோர். நால்வரில் ஒவ்வொருவரும் இயற்றிய பாடல்கள் தனித்தனியே பெரும் புகழ் பெற்றன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் திறனையும் வேறுவேறாக வகுத்துக் கூறும். தத்தம் துறையில் வல்லோர் கூடினாலன்றி அரங்கு சிறவாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அவ்வுண்மை இங்கும் பொருந்தும்.

பிறையன் மேயின் கித்தாருக்கு ஒரு வரலாறு உண்டு. நல்ல கருவி வாங்கப் பணமில்லாத அச்சிறுவன், 1963ஆம் ஆண்டிலே தன் தந்தையாரோடு சேர்ந்து தானே ஒன்றைச் செய்யத் தொடங்கினான். பழைய கணப்படுப்பின் மரச் சட்டம் அதன் கழுத்தாயிற்று. மோட்டார்ச் சைக்கிளின் சுருள்விற்கள் அதன் உறுப்பாயின. குழுவின் இசைத்தட்டுக்களில் ஒலிப்பது பெரும்பாலும் அக்கருவியே. ஆயின், அதனைச் செய்யத் துணைநின்ற தந்தையாரே, மகன் ஆராய்ச்சிப் படிப்பைக் கைவிட்டு இசைக்குச் சென்றபோது பெரிதும் மனம் நொந்தார். பின்னாளில் நியூயோர்க் நகரத்து அரங்கிலே மகனின் இசையை நேரிற் கண்ட பின்னரே அவர் மனம் ஆறினார். மகனும் விட்ட படிப்பை மறந்தாரல்லர். 2007இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிள்ளைகளின் விருப்பத்துக்கும் பெற்றோரின் அச்சத்துக்கும் இடையே நிகழும் போராட்டம் எல்லா நாட்டுக்கும் பொதுவானது போலும்.

இனி, நிலைபேற்றுக்குரிய காரணங்களைக் காண்போம். முதலாவது உழைப்பு. 'பொஹீமியன் ரப்சொடி' என்னும் பாடல் 1975இல் வெளிவந்தது. மூன்று நிமிடப் பாடல்களே வானொலிக்கு உகந்தவை என்று கருதப்பட்ட அக்காலத்தில், அது ஏறக்குறைய ஆறு நிமிடம் நீண்டது. மென்மையான பாட்டாகத் தொடங்கி, மேலைநாட்டு இசைநாடகப் பாங்கிற் பல்குரலாய் விரிந்து, வன்மையான றொக் இசையாய்ப் பொங்கி, மீண்டும் அமைதியில் அடங்குவது அது. இடையில் ஒலிக்கும் பெருங்கூட்டத்தின் குரல்கள் மூவருடையனவே; அவர்களே திரும்பத் திரும்பப் பாடி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தனர். இவ்வளவு நீண்ட பாடலை எவர் ஒலிபரப்புவர் என்று இசைத்தட்டு வணிகர் தயங்கினர். இலண்டன் வானொலி அறிவிப்பாளராகிய கெனி எவரட் ஒரே வார இறுதியிற் பலமுறை அதனை ஒலிபரப்பினார். நேயர்கள் அதனை வேண்டி நின்றனர். அது ஒன்பது வாரம் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் வகித்தது. 1991இல் மேர்க்கூரி மறைந்த பின்னர் மீண்டும் அவ்விடத்தை எய்தியது.

இரண்டாவது காரணம், கேட்போனுக்கு அளித்த இடம். அரங்கொன்றிலே அவையோர் தாமாகவே கூடிப் பாடியதைக் கேட்டு வியந்த பிறையன் மே, அவையோரும் பங்குகொள்ளத்தக்க பாட்டொன்றை எண்ணினார். அவ்வாறு 1977இற் பிறந்ததே 'வீ வில் றொக் யூ'. இருமுறை காலால் தட்டுதல், ஒருமுறை கைதட்டுதல். அதன் தாளம் அவ்வளவே. கருவி வேண்டா, பயிற்சி வேண்டா, ஐந்து வயதுக் குழந்தையும் அதிற் பங்குகொள்ளும். எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியிலே மாணவர் பலகையில் அத்தாளத்தைத் தட்டுவதைக் கேட்டிருக்கிறேன். அக்குழுவின் பெயரைக்கூட அறியாதவர் அவர்களுட் பலர். ஆக்கியோன் பெயர் மறைந்த பின்னும் வாழும் நாட்டார் பாடலின் நிலையை அத்தாளம் எய்திவிட்டது எனலாம்.

வானொலி நேயர்களாகிய நாம் கருதத்தக்க பிறிதொரு பாடலும் உண்டு. தொலைக்காட்சி ஓங்கிவந்த 1984இல், வானொலியை அன்போடு நினைவுகூர்ந்து றொஜர் டெயிலர் இயற்றிய 'றேடியோ காகா' அது. மறு ஆண்டு யூலை 13ஆம் நாள், எதியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக வெம்பிளி அரங்கிலே குழுமிய ஏறத்தாழ 72,000 மக்கள் அப்பாட்டுக்கு ஒருங்கே கையுயர்த்தித் தட்டினர். குழுவினர் மேடையில் நின்றது இருபது நிமிடமளவே. அக்காட்சியை இன்றும் இளைஞர் தேடிக் காண்கின்றனர்.

இவர்கள் குறையற்றோர் அல்லர். தென்னாபிரிக்காவிலே நிறவெறி ஆட்சி நிலவிய 1984இல், உலகக் கலைஞர் பலர் புறக்கணித்த அந்நாட்டுக்குச் சென்று பாடியமைக்காகக் கடுங் கண்டனத்துக்கு ஆளாயினர். கலையின் சிறப்பு, கலைஞனின் எல்லாச் செயலையும் சரியாக்கிவிடாது.

இவர்தம் புகழை வாணிகமே காத்து நிற்கிறது என்று கூறுவாரும் உளர். 2018இல் வெளிவந்த திரைப்படம் இவர்களைப் புதிய தலைமுறைக்கு அறிமுகஞ் செய்தது உண்மையே. எனினும், வாணிகம் ஒரு பாடலைச் செவிவரை கொண்டுவரும்; நெஞ்சில் இருத்தும் ஆற்றல் அதற்கில்லை. பெரும் பொருட்செலவிற் பரப்பப்பட்டும் மறைந்த பாடல்களுக்குக் கணக்கில்லை.

நேயர்களே, இன்றைய இளைஞர் விரும்பும் பாடல்களுள் எவை நிற்கும், எவை மறையும் என்று நாம் கூறல் அரிது. 1975இன் வணிகராலேயே அதனைக் கணிக்க இயலவில்லை. ஆதலின், தீர்ப்பளிக்குமுன் கேட்டல் நம் கடன். இன்றிரவு உங்கள் பிள்ளை விரும்பும் பாடல் ஒன்றை அருகிருந்து இறுதிவரை கேளுங்கள். அதில் உழைப்பு உண்டா, கேட்போனுக்கு இடம் உண்டா என்று அப்பிள்ளையோடு உரையாடுங்கள். பின்னர், நீங்கள் இளமையில் விரும்பிய பாடல் ஒன்றை அவரைக் கேட்கச் செய்யுங்கள். தலைமுறைகளுக்கிடையே பாடல்கள் செல்லும் வழி அதுவே.