மழைக்கு முன்னே வீட்டைப் பாருங்கள்

(பொன்விழா ஆண்டுக் குடும்ப நாளில் ஆற்றிய உரை)



"இல்லமும் அதன் பராமரிப்பும்" என்ற பொருள் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்லன். கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தே காலத்தைக் கழித்தவன். ஆகவே ஓடு, குழாய், மின்கம்பி, சாக்கடை இவற்றைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும். விடிந்தால் ஒருவர் கடலுக்கும் ஒருவர் அலுவலகத்துக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் ஓடுகிற வீட்டில், இவற்றை யார், எப்போது பார்ப்பது என்பதே இன்று நம் கேள்வி.

விழாவை முன்னிட்டு நம் ஊர் வீடுகளுக்கெல்லாம் புது வர்ணம் ஏறியிருக்கிறது. பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் சப்பரம் வரும் தெருப்பக்கச் சுவருக்கு இரண்டு பூச்சு அடித்த வீட்டிலேயே, பின்வாசல் சாக்கடை மூடி உடைந்து கிடப்பதையும் பார்த்தேன். யார் வீடு என்று சொல்லமாட்டேன், பயப்படவேண்டாம்.

குமரி மாவட்டத்தில் வாழும் நமக்கு ஆண்டுக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. ஆகையால் மே மாதம் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை கூரையில் ஏறிப் பார்ப்பது நமக்குக் கட்டாயம். ஓட்டு வீட்டில் ஓர் ஓடு நழுவினால் ஒரு சட்டியை வைத்துச் சொட்டு நீரைப் பிடித்துக்கொள்கிறோம். அந்த நீர் சட்டியில் மட்டுமா விழுகிறது? கைமரத்தில் ஊறுகிறது, மரம் மக்குகிறது, ஈரமும் மக்கிய மரமும் கண்ட இடத்துக்குக் கரையான் வருகிறது. ஓர் ஓடு மாற்றும் கூலி எங்கே, கைமரம் மாற்றும் செலவு எங்கே! கான்கிரீட் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று எண்ணவேண்டாம். மொட்டை மாடியின் நீர்ப்போக்குத் துவாரத்தில் மாவிலையும் பிள்ளைகளின் பந்தும் அடைத்துக்கொண்டால், தளம் குளமாகிவிடும். அதைத் திறந்துவிடப் பத்து நிமிடம் போதும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். உப்புக்காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் தேவை. அது உள்ளிருந்து நெருக்கும்போது, கம்பி ஓடும் வரிசையிலேயே கூரையின் அடிப்பக்கம் நீளமாக விரியும். பிறகு பாளம் பாளமாக விழும். கீழே தொட்டிலோ, படிக்கிற பிள்ளையோ இருக்கலாம். அந்த விரிசலைச் சுண்ணாம்பும் பெயின்ட்டும் கொண்டு மூடுவது, புண்ணைக் கழுவாமல் துணி சுற்றுவதற்கு ஒப்பாகும். தளர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைப் பளிச்சென்று தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சுப் பூசி, நல்ல மணலும் சிமென்ட்டும் சேர்த்துப் பூசவேண்டும். கடற்கரை மணல் ஆகவே ஆகாது. பூசியபின் ஒரு வாரமாவது தண்ணீர் ஊற்றி நனைக்கவேண்டும். விரிசல் கையகலம் இருக்கும்போது கொத்தனாருக்கு ஒருநாள் வேலை. அறை முழுவதும் பரவிவிட்டால் மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகும்.

இவையெல்லாம் நமக்குத் தெரியாதவையல்ல. பின் ஏன் கிடக்கின்றன? நான் பார்த்தவரையில் காரணம் ஒன்றுதான். ஒழுகுவதைக் காண்பவள் தாய். ஆளைக் கூப்பிட்டுப் பணம் கொடுப்பவர் தந்தை. இவள் சொல்லும் நேரத்தில் அவருக்குக் களைப்பு. அவர் கேட்கும் நேரத்தில் இவளுக்கு அடுப்பில் வேலை. பிறகு, "நான் அன்றைக்கே சொன்னேனே", "எப்போது சொன்னாய்?" என்று ஒரு சண்டை. இதற்கு நான் சொல்லும் மருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்று. அடுக்களைக் கதவருகே ஓர் ஆணியில் பென்சிலோடு தொங்கவிடுங்கள். குறையை முதலில் காண்கிறவர், அது ஆறு வயதுப் பிள்ளையானாலும் சரி, தேதி போட்டு எழுதவேண்டும். சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தந்தை அதை உரக்க வாசிக்கட்டும். அந்த வாரத்துக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தையும் ஒன்றாகத் தொட்டால் பத்தும் அரைகுறையாய் நிற்கும். தேதி எழுதியிருப்பதால் வாதத்துக்கும் இடமில்லை.

ஆனால் சில குறைகள் சனிக்கிழமைவரை காத்திருக்கக் கூடாதவை. மின்சாரம் அவற்றில் முதன்மையானது. துணி காயப்போட இரும்புக் கம்பியைக் கட்டி, அதன் ஒரு முனையை மின்கம்பி வரும் குழாயில் முடிந்துவைக்கிறார்கள். மழையில் எங்கோ ஓரிடத்தில் வயர் தோல் உரிந்திருந்தால் அந்தக் கம்பி முழுவதும் மின்சாரம் பாயும். ஈரத்துணியோடு வெறுங்காலில் போய்த் தொடுகிறவள் நம் தாயோ மகளோதான். இப்படி நேர்ந்த சாவுகளை மழைக்காலச் செய்தித்தாளில் வாசிக்கிறோம். வாசித்துவிட்டு அதே கம்பியில் துணி போடுகிறோம். இன்றே அதை அவிழ்த்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். பியூஸ் போனால் தடித்த செப்புக்கம்பியைச் செருகும் வழக்கத்தையும் விடுங்கள். எம்.சி.பி. என்னும் சுவிட்ச் மின்பளு கூடினால் வயரைக் காப்பதற்கானது. மனிதனைக் காக்க 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. வேண்டும். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அழுத்தினால் மின்சாரம் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் உடனே எலக்ட்ரீஷியனை அழையுங்கள். எரிவாயு அடுப்பின் குழாயிலும் ஆண்டு அச்சிட்டிருக்கும். ஐந்து ஆண்டு ஆனதை மாற்றிவிடவேண்டும். கிணற்றுக் கைப்பிடிச் சுவர் இடிந்திருந்தால் அதையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எட்டிப் பார்க்கும் இடம் அது.

பிள்ளைகளே, உங்களுக்கும் வேலை வைத்திருக்கிறேன். டெங்குக் கொசு சாக்கடையை அல்ல, நல்ல தண்ணீரைத் தேடும். சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், குளிர்பெட்டியின் பின்னால் நீர் சேரும் தட்டு, இவையே அதன் தொட்டில். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை கவிழ்த்துவிட்டால் அதன் குடும்பம் பெருகாது. கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்தும் கழுவவேண்டும். முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீரில்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. குழாய் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகுகிறது. இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர். ஒரு நாளைக்கு 86,400 நொடி. எவ்வளவு நீர்? நான்கு லிட்டருக்கு மேல். பெரிய சொட்டானால் இன்னும் கூடும். இரவில் வாளி வைத்து அளந்து பார்த்து நோட்டில் எழுதுங்கள். வாஷர் மாற்றுவதைப் பத்தாம் வகுப்புப் பையன் கற்றுக்கொள்ளலாம். பெண்ணும் கற்றுக்கொள்ளலாம், ஸ்பேனருக்கு ஆண் பெண் தெரியாது. மின்வேலையும் கூரை ஏறுவதும் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கோபிக்கவேண்டாம். 2019-ல் நம் நாட்டில் மக்கள் நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் செலவிட்டார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அதிலும் நூறு ஆண்களில் ஏறத்தாழ 26 பேரே அவற்றில் கைவைத்தவர்கள். ஆகவே நோட்டை வாங்கி மாட்டுகிற வேலையையும் அம்மாவின் தலையில் போடாதீர்கள். நூல் வாங்கவும் வலை வாங்கவும் கடைக்குப் போகிறவர் ஒரு நோட்டும் வாங்கிவரலாம். சனிக்கிழமை அதை வாசிக்கும்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பவரையும் அழைத்து உட்காரவைத்து வாசிக்கவேண்டும். எந்த வேலை முதலில் என்பதில் அவர் சொல்லுக்கே மதிப்பு அதிகம். நாள் முழுவதும் அந்த வீட்டில் நடமாடுகிறவர் அவர்.

நேரம் ஆகிவிட்டதென்று பங்குத்தந்தை கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். ஒரே ஓர் அறிவிப்பு. ஓடு மாற்ற ஏணி இல்லையென்று பலர் சொல்கிறார்கள். கோயில் பொருளறையில் நீளமான மூங்கில் ஏணி ஒன்று இருக்கிறது. விழாத் தோரணங்கள் கட்டி முடிந்ததும், கேட்பவர்களுக்குத் தருவதாகத் தந்தை அவர்கள் இசைந்திருக்கிறார்கள். உபதேசியாரிடம் பெயர் எழுதிவைத்து எடுத்துப்போகலாம். மின்கம்பி போகும் பக்கம் சாத்தவேண்டாம். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் அடியைப் பிடித்துக்கொள்ளவேண்டும். இரண்டு நாளுக்குமேல் யாரும் வைத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் மற்றவர்கள் காத்திருப்பார்கள். ஜூன் மாதம் யாருக்காகவும் காத்திருக்காது.