அம்மா மறுபடி போடச் சொன்ன பாட்டு

நடுவர் ஐயா அவர்களே! என் அணித் தோழர்களே! இப்பவே பாதி ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) 

'இன்றைய ஹிட் பாடல்கள் நெஞ்சில் நிற்கின்றனவா, காற்றோடு போகின்றனவா?' இதுதான் தலைப்பு. நிற்கின்றன என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், 'இப்ப வர்ற பாட்டுல ஒரு வார்த்தையாவது புரியுதா?' என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். 2022ல் 'பீஸ்ட்' படத்துக்கு அனிருத் இசையில் வந்த 'அரபிக் குத்து' பாட்டைச் சாட்சிக்கு இழுத்தார். எழுதியவர் நடிகர் சிவகார்த்திகேயன். அது அரபியும் இல்லை, தமிழும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, 1958ல் 'அன்பு எங்கே' படத்தில் டி.எம்.எஸ். ஐயா 'டிங்கிரி டிங்காலே' என்று பாடினாரே, அது எந்த ஊர் பாஷை? (பலத்த சிரிப்பு) தொல்காப்பியத்தில் எந்த அதிகாரத்தில் இருக்கிறது? காட்டுங்கள், நான் இப்பவே அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

அடுத்து வந்த அக்கா, 'குடும்பத்தோடு கேட்க முடியவில்லை' என்றார்கள். 1944ல் 'ஹரிதாஸ்' வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். அதில் பாபநாசம் சிவன் எழுதி, பாகவதர் பாடி ஊரையே மயக்கிய பாட்டு எதைப் பற்றி? மன்மத லீலையைப் பற்றி! நம்ம தாத்தாக்கள் காலையில் வேப்பங்குச்சியால் பல் விளக்கும்போதே அதைத்தானே முனகினார்கள்? (சிரிப்பு, கைதட்டல்)

அதற்காக இன்றைக்கு வருகிற எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை ஐயா. காதலில் தோற்றவன் குடித்துவிட்டுப் பொண்ணைத் திட்டுகிற பாட்டு வந்தால், எங்க வீட்டில் டி.வி. அணைந்துவிடும். அதில் எனக்கும் அக்காவுக்கும் சண்டையே இல்லை. எண்ணிக்கையைக் காட்டி வாதாடவும் நான் வரவில்லை. 2018ல் வந்த 'மாரி 2' படத்து 'ரவுடி பேபி' பாட்டு, 2020 நவம்பரில் யூடியூபில் 100 கோடி பார்வையைத் தாண்டியது. தமிழ்நாட்டு ஜனத்தொகையே எட்டுக் கோடிக்குள்ளே. மீதியெல்லாம் யார் பார்த்தது? எங்க அக்கா பேத்தி பார்த்தாள் ஐயா! முதல் இட்லிக்கு நாலு தடவை, ரெண்டாவது இட்லிக்கு ஆறு தடவை. (பலத்த சிரிப்பு) அது நெஞ்சில் நின்றதோ இல்லையோ, இட்லி வயிற்றில் இறங்கியது.

எதிரணித் தம்பி ஒருத்தர் கெட்டிக்காரத்தனமாக ஒன்று கேட்டார். 'உங்க புதுப் படத்துக்கே பழைய பாட்டுதானே தேவைப்படுது?' என்றார். உண்மைதான். 2024ல் 'லப்பர் பந்து' படத்தில் ஊரே ஆடிய பாட்டு, 1989ல் 'பொன்மனச் செல்வன்' படத்துக்கு இளையராஜா போட்டது. அதே 2024ல் மலையாளத்தில் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் 1991ன் 'குணா' பாட்டு. சரி தம்பி, அந்தப் பாட்டுகளைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது யார்? அவை வந்தபோது பிறந்தே இருக்காத பிள்ளைகள்! அன்றைக்கு எங்க ஊரில் டீக்கடையில் 'பொன்மனச் செல்வன்' பாட்டு ஓடினால், நாலு எழுத்துப் படித்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அவர்களும் இதே தலைப்பில்தான் பேசியிருப்பார்கள்.

களத்துமேட்டில் நின்றவர்களுக்கு இது தெரியும் ஐயா. அறுத்து அடித்த நெல்லை அப்படியேவா குதிரில் கொட்டுவோம்? காற்று வரும்வரை காத்திருந்து தூற்றுவோம். பதர் பறந்துவிடும், மணி காலடியில் விழும். பழைய பாட்டு என்று நீங்கள் கொண்டாடுவது குதிருக்குள்ளே இருக்கிற மணி. அந்தக் காலத்துப் பதரை நாம் யாரும் பார்க்கவில்லை, அது எப்பவோ பறந்துபோச்சு. இன்றைய பாட்டோ இன்னும் தூற்றாமல் களத்தில் கிடக்கிறது. குதிரையும் களத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமா? (கைதட்டல்)

தூற்றுகிறதை எனக்குச் சொல்லித் தந்தது எங்க அம்மா. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுக்கு. அம்மா விவசாயக் கூலி. நடவுக்குப் போனால் பாடுவாங்க. யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக அம்மாவைக் கூப்பிட வருவார்கள். நாலு பொம்பளைங்க தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அம்மா ஒப்பாரியை எடுத்தால், கல் மாதிரி நிற்கிற ஆம்பிளைகூட அழுதுவிடுவார்.

நான் படித்து, 1996ல் டீச்சர் வேலைக்குப் போனேன். போன புதிதில் எங்க பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தர் ஒரு சாவு வீட்டில் அம்மாவைப் பார்த்துவிட்டார். மறுநாள் என்னிடம், 'அது உங்க அம்மாவா?' என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்: 'இனிமே எங்கயும் போய்ப் பாடாதம்மா. எனக்கு வெக்கமா இருக்கு.'

அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதோடு நிறுத்திவிட்டார்கள். 2010ல் எங்க அப்பா இறந்தபோதுகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாங்க. ஊருக்கே பாடினவங்க, அப்பாவுக்குப் பாடவில்லை. (அரங்கில் அமைதி)

2021. கொரோனா காலம். என் மகளுக்கு வீட்டில் போனில்தான் பாடம். பாடம் பாதி, பாட்டு பாதி. காதில் எப்பவும் அந்த ஒயரு. ஒருநாள் ஒயரு கழன்று, போன் கூடத்தில் சத்தமாகப் பாட ஆரம்பித்துவிட்டது. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாங்க. கை அப்படியே நின்றது.

'பாப்பா, யாரு பாடுறது? எந்த ஊருச் சாவு?'

'சாவு இல்ல அம்மாச்சி. ஹிட்டுப் பாட்டு.'

அந்த வருஷம் மார்ச்சில் வந்த 'என்ஜாயி எஞ்சாமி' ஐயா. சினிமாப் பாட்டு இல்லை. தீயும் அறிவும் பாடியது, இசை சந்தோஷ் நாராயணன். அதில் ராப்பும் உண்டு, ஒப்பாரியும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு எழுதிய பாட்டு. காலமெல்லாம் மண்ணைத் திருத்தினவங்களுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாத கதை. என் மகள் இதையெல்லாம் அம்மாச்சிக்கு எடுத்துச் சொல்கிறாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, 'மறுபடி போடு' என்றார்கள். போட்டாள். 'மறுபடி போடு.'

நாலாவது தடவைக்கு அவள் போடவில்லை. அம்மாவே எடுத்துவிட்டார்கள். அந்தப் பாட்டை இல்லை. எங்க அப்பாவுக்கு வைக்காத ஒப்பாரியை, அவர் போய்ப் பதினோரு வருஷம் கழித்து, கீரைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பாடினாங்க. நான் அடுப்படியில் நின்றேன். குழம்பு கொதிக்கிறது, அடுப்பை அணைக்கக்கூட கை வரவில்லை. என் மகள் சத்தம் போடாமல் அதைப் போனில் பிடித்துவிட்டாள். அவளுக்கு அதில் வெட்கமே இல்லை ஐயா. அவள் காதுக்கு அது ஹிட்டுப் பாட்டில் கேட்ட குரல். (நீண்ட கைதட்டல்)

காற்றோடு போகிறது என்கிறீர்களே, அந்தப் பாட்டுக் காற்றில்தான் வந்தது. வந்து, நான் இருபத்தைந்து வருஷம் பூட்டி வைத்திருந்த வாயைத் திறந்தது. அம்மா போட்ட 'மறுபடி போடு' எந்த யூடியூப் கணக்கிலும் தனியாகத் தெரியாது. எனக்குத் தெரியும்.

(மணி ஒலிக்கிறது.)

முடித்துவிடுகிறேன் ஐயா, ஒரே நிமிஷம். போன மாசம் எங்க பக்கத்துத் தெருவில் ஒரு சாவு. அம்மா வெள்ளைப் புடவை மாற்றிக்கொண்டு வாசல்வரை வந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாங்க. இப்ப எழுபத்தைந்து தாண்டியாச்சு, குனிய முடியாது. நான் செருப்பை எடுத்து அவங்க காலடியில் போட்டேன்.