துயரக் கதையில் துளிர்க்கும் நம்பிக்கை

 

திருவிழா நாளில் துன்பக் கதையைப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். இராமனின் வனவாசத்தையும் அரிச்சந்திரனின் மயானத்தையும் ஆலயங்களில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவ்வகையில் நம் மண்ணின் துயரத்தைச் சொல்லும் நாவல், ஆர். சண்முகம் எழுதிய 'சயாம் மரண ரயில்'.

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானிய இராணுவம் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இரயில் பாதை அமைத்தது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களுள் பல்லாயிரவர் பசியாலும் மலேரியாவாலும் வாந்திபேதியாலும் அங்கேயே மாண்டனர்.

என் தந்தையாரின் தாய்மாமனும் அவர்களுள் ஒருவர். இறந்த நாளும் தெரியாது. அடங்கிய இடமும் தெரியாது. திதி கொடுத்தால் தம்பி இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும் என அஞ்சிய பாட்டியார், இறுதிவரை வாசலில் விளக்கு மட்டுமே ஏற்றிவந்தார். அந்நாவலை வாசித்து முடித்த இரவில்தான் என் தந்தையார் தம் மாமனுக்காக முதன்முறையாக அழுதார். அடுத்து வந்த ஆடி அமாவாசையன்று, மாமனுக்கும், உடன் மாண்ட பெயரறியா அனைவருக்கும் எள்ளும் நீரும் இறைத்தார்.

மாண்டவரை நினைக்க அந்நூல் எங்களுக்கு வழிகாட்டியது. நினைவு பிறந்த இடத்தில் வேண்டுதலும் பிறந்தது. முன்பின் அறியாதவருக்காகக் கசியும் கண்ணீரும் வழிபாடே. இத்தகைய நூல்களை நம் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுவோமாக!

அம்பாள் திருவருள் துணைநிற்க!