காயில் நுழைந்து கனியில் வெளிப்படுவது



தென்னையும் செம்பனையும் சூழ்ந்த இந்த ஹுத்தான் மெலிந்தாங்கில் பப்பாளியை அறியாத வீடு இராது. மாசுமறுவின்றிப் பறித்த காய், பழுத்த சில நாளில் வட்டமான குழிப்புண்கள் தோன்றி, அவற்றின் நடுவே செம்மஞ்சள் பசை பூத்துக் கிடப்பதைக் கண்டிருக்கிறோம். ‘பழம் அழுகிவிட்டது’ என்கிறோம். தானாகவே நிகழ்ந்ததுபோல் தொனிக்கும் அச்சொல்லாட்சியை இன்று சற்று ஐயுறுவோம்.

பிஞ்சு, காய், செங்காய், கனி எனப் பருவங்களை நம் மொழி பிரித்துப் பெயரிட்டிருப்பது இங்கே பெரிதும் உதவுகிறது. கொலெட்டோட்டிரைக்கம் என்னும் பூஞ்சணத்தின் வித்து மழைத்துளியோடு வந்து ஒட்டுவது காய்ப் பருவத்தில். அது முளைத்து, தோலைப் பற்றிக்கொண்டு அடங்கியிருக்கிறது. காய் கனியும்போதுதான் விழிக்கிறது.

தோலின் காப்பு, மெழுகு கலந்த கியூட்டின் படலம். அதனைச் சிதைக்கப் பூஞ்சணம் கியூட்டினேஸ் என்னும் நொதியைச் சுரக்கிறது. கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் ஆய்ந்த கொலாட்டுக்குடியின் குழுவினர் 1980களின் தொடக்கத்தில் இதனைப் பப்பாளியிலேயே சோதித்தனர். நொதியை முடக்கியபோது ஊறுபடாத தோலைப் பூஞ்சணத்தால் கடக்க இயலவில்லை. தோலில் காயமிருந்தாலோ அழுகல் தொடர்ந்தது. 1989இல் இன்னும் துணிந்தனர். காயத்தின் வழியே மட்டும் பப்பாளிக்குள் புகவல்ல வேறொரு பூஞ்சணத்துக்கு இந்நொதியின் மரபணுவைக் கொடுத்தனர். அது ஊறுபடாத தோலையும் துளைத்தது! எனினும் பட்டாணியைத் தாக்கும் பூஞ்சணமொன்று இந்நொதியின்றியும் நோய் விளைவித்ததைப் பிறர் பின்னர் காட்டினர். ஒரு கனியில் கண்டதை எல்லாப் பயிருக்கும் விதியாக்கிவிடலாகாது என்பதை மாணவர்கள் கருத வேண்டும்.

உள்ளே சதையின் உயிரணுக்களை ஒட்டிவைப்பது பெக்டின். பழம் தன் நொதிகளால் அதனை அளவோடு நெகிழ்த்துவதால் கனிகிறது. பூஞ்சணம் பெக்டேட் லையேசினால் அதையே வரம்பின்றிச் சிதைப்பதால் அழுகுகிறது. அந்த லையேஸ் காரச் சூழலில் நன்கு இயங்கும். எனவே கொலெட்டோட்டிரைக்கம் அம்மோனியாவை வெளியிட்டுத் தன் சூழலைத் தானே அமைத்துக்கொள்கிறது. ஆப்பிளைக் கெடுக்கும் நீலப் பெனிசிலியமோ இதற்கு நேர்மாறாக அமிலம் சுரந்து, அமிலத்தில் இயங்கும் நொதியைப் பயன்கொள்கிறது. சிற்றுயிரின் இந்தச் சூழ்ச்சித் திறனை நாம் வியக்காமல் இருக்க இயலாது.

ஆகவே பழம் அழுகியபின் மருந்து தேடிப் பயனில்லை. பறிக்கையில் நகம் படாமலும் கீழே விழாமலும் காப்பது முதல் வேலை. ஹவாய்த் தீவினர் பறித்த பப்பாளியை ஏறத்தாழ 49 பாகை வெந்நீரில் 20 நிமிடம் அமிழ்த்தி வந்தனர். பூஞ்சணம் தோலை ஒட்டியே உறங்குவதால், சதை வேகுமுன் வெப்பம் அதனை எட்டிவிடுகிறது.