மலேசியாவில் நாமே வண்டி ஓட்டினால்



திருவேங்கடம் – சங்கரன்கோவில் சாலையில் கை பழகியவர்களுக்கு மலேசியா ரொம்ப அந்நியமாகத் தெரியாது. அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டணும், ஸ்டியரிங் வலப்பக்கம். அதை நம்பியே சிலர் நம்ம ஊர் லைசென்ஸோடு மட்டும் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டு செல்லும். அது இல்லாமல் விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ்காரர் கைவிரித்துவிடலாம்; வைத்தியச் செலவும் எதிராளிக்கான நஷ்டஈடும் நம் தலையில்.

1994-இல் முடிந்த வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை, தாய்லாந்து எல்லையிலிருந்து ஜொகூர் பாரு வரை 772 கி.மீ. வேக உச்சம் மணிக்கு 110 கி.மீ. வலதுகோடித் தடம் முந்துவதற்கு மட்டுமே. முந்தியதும் இடப்பக்கம் வந்துவிடணும். நம்ம நாற்கரச் சாலையில் லாரிகள் அந்தத் தடத்திலேயே குடியிருக்குமே, அந்தப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்! மோட்டார் சைக்கிள்களும் அதே சாலையில் வரும். தடம் மாறுமுன் கண்ணாடியைப் பாருங்கள். சுங்கத்துக்கு ‘டச் அன் கோ’ அட்டை போதும்.

பலகைகள் மலாய் மொழியில் இருக்கும். ‘உத்தாரா’ என்றால் வடக்கு, நம்ம உத்தரம்தான். ‘சலாத்தான்’ தெற்கு. ‘அவாஸ்’ எச்சரிக்கை. சிவப்பு எண்கோணப் பலகையில் ‘பெர்ஹெந்தி’ என்றிருந்தால் வண்டியை நிறுத்தணும்.

மற்ற சந்தேகங்களைச் சாப்பாட்டு இடைவேளையில் கேளுங்கள்.