கந்தசாமிப் பிள்ளை வீட்டில் கடவுள்

(யூபிலி விழா இலக்கிய அரங்கில் ஆற்றிய உரை)



கோயில் யூபிலி மேடையில் சிரிப்புக் கதை பேசலாமா என்று நமக்குள்ளேயே சிறு வாக்குவாதம் நடந்தது. அதிலும் கடவுளையே ஒரு பாத்திரமாக்கிக் கேலி செய்யும் கதை! பேசித்தான் ஆக வேண்டும் என்று முடிவானதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

கதையின் பெயர் "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்". 1943இல் கலைமகளில் வந்தது. எழுதிய புதுமைப்பித்தன், 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்திருந்தாலும் நம் திருநெல்வேலிக்காரர். இங்கே இந்துக் கல்லூரியில் படித்தவர். கதாநாயகரும் நம் பக்கத்து ஆள்தான். மேலகரம் கந்தசாமிப் பிள்ளை. மேலகரம் என்றதும் குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரும் தென்காசிச் சாரலும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்தப் பிள்ளைவாள் இருப்பது சென்னையில். சித்த வைத்தியப் பத்திரிகை ஒன்று நடத்திக்கொண்டு, டிராமுக்குக் காசு கொடுத்தால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சுமா என்று தெருமுனையில் நின்று கணக்குப் போடுகிற மனிதர்.

அவரிடம் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார் கடவுள். பிள்ளை காலில் விழவில்லை. "நீர் இல்லை" என்று வாதாடவும் இல்லை. காப்பி குடிக்க அழைத்துப் போகிறார். காப்பியின் ருசியில் கடவுள் சொக்கிப் போனால், அது உம்முடைய திருவிளையாடல் அல்ல, சிக்கரித் தூளின் வேலை என்று விளக்கம் சொல்கிறார். பத்திரிகைக்கு ஜீவிய சந்தா இருபத்தைந்து ரூபாய் கேட்கிறார். யாருடைய ஜீவியம் என்று கடவுளுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது! வரம் தருகிற பேச்சை மட்டும் பிள்ளை எடுக்க விடுவதில்லை. வரத்தைக் கொடுத்துவிட்டு நீர் போய்விடுவீர், பின்னால் வருகிற தொல்லை யாருக்கு என்பது அவர் கட்சி.

வீட்டுக்கும் கூட்டிப் போகிறார். பிள்ளையின் மனைவி பெயர் காந்திமதி. நம் நெல்லையப்பர் கோயில் அம்மன் பெயரேதான். அங்கே கடவுளுக்குச் சாப்பாடு கிடைக்கிறது. அந்த வீட்டுக் குழந்தை அவரைப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறது. பிறகு பிழைப்புக்கு வழி தேடி, தேவியோடு ஒரு திவான் பகதூர் முன்னால் ஆடிக் காட்டுகிறார். சாட்சாத் நடராஜர் ஆடியும் அந்தக் கலாரசிகருக்குப் பிடிக்கவில்லை! எட்டி நின்று வரம் கொடுக்கலாம், இந்த மனிதர்களோடு கூடி வாழ முடியாது என்று ஒப்புக்கொண்டு கடவுள் புறப்பட்டுவிடுகிறார். சந்தாப் பணம் மட்டும் வரவில் ஏறுகிறது.

கேலிக்கு ஆளானவர் சிவபெருமான்தானே, நம் சாமி இல்லையே என்று யாரும் ஆறுதல்பட வேண்டாம். "கொடுக்காப்புளி மரம்" என்ற கதையில், ஒரு கிறிஸ்தவப் பணக்காரரின் பக்தி என்ன விலை பெறும் என்று காட்டியவரும் இவரே.

இனி நாம் சொல்ல வந்த காரணம். (சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறோம்.) நம் பங்கில் ஓர் இளைஞர். தாயார் நோயாய்ப் படுத்தபோது வீட்டில் நவநாள் செபம், உபவாசம், பொருத்தனை எல்லாம் நடந்தன. தாயார் பிழைக்கவில்லை. அடுத்து நடந்த அன்பியக் கூட்டத்தில் அவர் எழுந்து, "அந்த ஒன்பது நாளும் கடவுள் எங்கே போயிருந்தார்?" என்று கேட்டார். நாம் என்ன செய்தோம்? "பாவம், அப்படிப் பேசாதே தம்பி" என்று ஆளாளுக்குப் பாய்ந்தோம். மறுவாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

தோமையார் கேட்காத கேள்வியா அது? அவர் சந்தேகத்துக்காக யாரும் அவரைக் கதவுக்கு வெளியே தள்ளவில்லை. கந்தசாமிப் பிள்ளை வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மயிலையில் அவர் பெயரால் பேராலயமே நிற்கிறது. கல்கத்தா அன்னை தெரசா தம் உள்ளத்து இருளைப் பற்றி எழுதிய கடிதங்கள் 2007இல் புத்தகமாக வெளிவந்தன. கடவுள் அருகில் இருப்பதை உணர முடியாமல் பல்லாண்டுகள் அவர் உழைத்திருக்கிறார் என்று அப்போதுதான் உலகம் அறிந்தது. 2016இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

புதுமைப்பித்தனோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. அவருடைய கடவுள் ஒரு குடும்பத்தில் சில நாள் தங்கமாட்டாமல் கிளம்பிவிட்டார். நாம் விசுவசிக்கிறவரோ நாசரேத்தூரில் ஒரு தச்சர் வீட்டில் வளர்ந்து, அந்தத் தொழிலையே செய்தவர். இதைச் சொல்லி வழக்கில் வென்றுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். யோசித்துப் பார்த்தால், நம் வீட்டில் நாம் வைத்திருப்பவர் எந்தக் கடவுள்? மெழுகுதிரி ஏற்றினால் எட்டி நின்று வரம் கொடுக்கிறவரைத்தானே அந்தத் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்து காட்டி வந்தோம்? வரம் வராதபோது அவர் கேட்ட கேள்வி நாம் கற்றுக்கொடுத்த பாடத்திலிருந்துதான் வந்தது. நோயாளி கிடந்த அந்த வீட்டில் ஓர் இரவு கண்விழிக்க நம்மில் எத்தனை பேர் போனோம் என்பதையும் அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து நம்மில் இருவர் அவர் வீட்டுக்குப் போனோம். புத்திமதி சொல்லப் போகவில்லை. இந்தக் கதையைக் கொடுத்துவிட்டுக் காப்பி குடித்து வந்தோம். சிக்கரி இடத்தில் வாய்விட்டுச் சிரித்ததாகப் பிறகு சொன்னார். இன்றைக்கு இந்த மேடைக்கு விளக்குப் போட்டவர் அவர்தான். பூசைக்கு இன்னும் வரவில்லை. புத்தகமும் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.